நடந்தால் போதும் என்று சொல்லும் சப்பாத்தும், நடக்கப் பாடுபடும் கால்களும்

மாலை ஐந்து மணிக்குப் பிறகு பண்ணைக் கடற்கரையோரம் போனால் நடைப்பயிற்சி செய்பவர்களைக் காணலாம். சலரோகம் என்று வைத்தியர் சொன்ன பிறகு நடக்கத் தொடங்கியவர்கள், முழங்கால் நோவோடு மெல்ல நடப்பவர்கள், ஓய்வூதியம் பெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகளை ரியூசனில் விட்டுவிட்டு அந்த ஒரு மணித்தியாலத்தை நடந்து கழிக்கும் தாய்மார். அவர்களின் கால்களில் றப்பர் செருப்பும் இருக்கும், பாட்டாவும் இருக்கும், கனடாவில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய தடித்த அடிப்பாகம் கொண்ட சப்பாத்தும் இருக்கும்.

அந்தத் தடித்த சப்பாத்து வகைகளில் ஒன்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. அடிப்பாகம் தோணி போல வளைந்திருக்கும், அல்லது உள்ளே காற்றுப் பை வைத்திருக்கும். போட்டு நின்றால் இலேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம்தான் அதன் சிறப்பு என்று சொல்லி விற்கப்பட்டது. சமநிலையைக் காப்பாற்றக் கால் தசைகள் கூடுதலாக உழைக்கும், அதனால் வெறுமனே நடந்தாலே தொடையும் கெண்டைக்காலும் இறுகும், உடல் மெலியும், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகத் தேவையில்லை என்பதே விளம்பரங்களின் சாரம்.

இந்த வாக்குறுதி அமெரிக்காவில் பத்து வருடங்களுக்கும் முன்பே விசாரணைக்கு உள்ளாகி, பல மில்லியன் டொலர் திருப்பிக் கொடுக்கப்பட்டு முடிந்த விடயம். ஆனால் அதே வாக்குறுதி வேறு பெயர்களில் எங்களிடம் வந்துகொண்டே இருக்கின்றது. அக்குபிரஷர் குமிழ் வைத்த செருப்பாக, காந்தம் வைத்த உள்ளடியாக, முகநூலில் ‘வலி போக்கும்’ பாதணியாக அது வருகின்றது. போரில் காலை இழந்தவர்களும், காலில் செல் துண்டோடு வாழ்பவர்களும், பாத உணர்ச்சி மரத்துப்போன சலரோகக்காரரும் ஒரே தெருவில் வாழும் இந்தக் குடாநாட்டில் அதனை இன்னொரு விளம்பரமாக நினைத்துக் கடந்துபோக முடியாது.

ஒரு பில்லியன் டொலர் சந்தை

இந்த வகைச் சப்பாத்தின் கதை சுவிற்சர்லாந்தில் தொடங்குகின்றது. கார்ல் முல்லர் என்ற சுவிஸ் பொறியியலாளர் கொரியாவில் வாழ்ந்தபோது, நெல்வயலின் மென்மையான மண்ணில் வெறுங்காலோடு நடந்ததில் தன்னுடைய முதுகு நோ குறைந்ததாக உணர்ந்தார். அந்த மண்ணின் தன்மையை ஒரு சப்பாத்தின் அடிப்பாகத்தில் கொண்டுவர முயன்றதன் விளைவு 1996 இல் சந்தைக்கு வந்த எம்.பி.ரி. சப்பாத்து. கிழக்கு ஆபிரிக்காவின் மசாய் மக்கள் வெறுங்காலோடு நடப்பதை முன்மாதிரியாகக் காட்டி அதற்குப் பெயரும் வைக்கப்பட்டது.

பெரிய நிறுவனங்கள் இதில் இறங்கிய பிறகுதான் அது மோகமாக மாறியது. றீபொக் நிறுவனம் ‘ஈசிடோன்’ என்ற பெயரிலும், ஸ்கெச்சர்ஸ் நிறுவனம் ‘ஷேப்-அப்ஸ்’ என்ற பெயரிலும் விற்றன. ஒரு சோடி சப்பாத்தின் விலை ஏறத்தாழ 100 அமெரிக்க டொலர் வரை இருந்தது. 2010 இல் இவ்வகைப் பாதணிகளின் விற்பனை ஒரு பில்லியன் டொலரை நெருங்கியது. 2011 பெப்ரவரியில், அமெரிக்காவில் மிக அதிகமானோர் பார்க்கும் சூப்பர் போல் விளையாட்டு ஒளிபரப்பின் இடையில், கிம் கர்தாஷியன் தன்னுடைய உடற்பயிற்சி ஆசிரியரை விலக்கிவிட்டு இந்தச் சப்பாத்தைத் தேர்ந்தெடுப்பதாக ஒரு விளம்பரம் காட்டப்பட்டது.

றீபொக்கின் விளம்பரம் எண்களோடு பேசியது. வழமையான நடைச் சப்பாத்தை விட இதனை அணிந்தால் பிட்டத் தசை 28 வீதமும், பின்தொடைத் தசை 11 வீதமும், கெண்டைக்கால் தசை 11 வீதமும் கூடுதலாக உறுதி பெறும் என்றது. எண் ஒன்றைச் சொன்னதும் கேட்பவருக்கு அது ஆய்வுகூடத்தில் இருந்து வந்ததாகத் தோன்றும். இந்த எண்களுக்குப் போதுமான ஆதாரம் இருக்கின்றதா என்று கேட்டது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு.

2011 செப்ரெம்பரில் றீபொக் 25 மில்லியன் டொலரைப் பாவனையாளருக்குத் திருப்பிக் கொடுக்க இணங்கியது. 2012 மே மாதம் ஸ்கெச்சர்ஸ் 40 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கியது. தவறு செய்ததாக நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கை நீடிக்காமல் முடித்துக்கொள்கின்றோம் என்றே சொல்லின. ஆனால் விஞ்ஞான ஆதாரம் இல்லாமல் இனி அவ்வாறான கூற்றுகளைச் சொல்லக்கூடாது என்ற கட்டளைக்கு அவை உட்பட்டன. ஸ்கெச்சர்ஸ் விடயத்தில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோருக்குக் காசோலைகள் போய்ச் சேர்ந்தன.

ஆய்வு எப்படிச் செய்யப்பட்டது?

பணத்தொகையை விட முக்கியமானது அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விபரம். ஸ்கெச்சர்ஸ் விளம்பரம் ஒன்றில் முதுகெலும்பு சிகிச்சையாளர் ஒருவர் தோன்றி, தான் சுயாதீனமாகச் செய்த ஆய்வின் அடிப்படையில் இந்தச் சப்பாத்தைச் சிபாரிசு செய்தார். அந்த ஆய்வு விளம்பரத்தில் சொல்லப்பட்ட முடிவுகளைத் தரவில்லை என்று ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. அவர் அதே நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் அதிகாரி ஒருவரின் கணவர் என்பதும், ஆய்வுக்காக அவருக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பதும் மறைக்கப்பட்டதாகவும் அது சொன்னது.

இதற்கு முன்னரே, 2010 இல், அமெரிக்க உடற்பயிற்சிச் சபையின் ஏற்பாட்டில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் லா குரோஸ் வளாகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. இரண்டு குழுக்களாகத் தலா 12 இளம் பெண்கள் அதில் பங்குபற்றினார்கள். மூன்று வகைத் ‘தசை இறுக்கும்’ சப்பாத்துகளையும், ஒரு சாதாரண ஓட்டச் சப்பாத்தையும் மாறி மாறி அணிந்து நடை இயந்திரத்தில் நடந்தார்கள். ஒரு குழுவில் இதயத் துடிப்பும், ஒட்சிசன் பாவனையும், எரிந்த கலோரியும் அளக்கப்பட்டன. மற்றக் குழுவில் தசைகளின் மின் செயற்பாடு அளக்கப்பட்டது. குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சிறிய பரிசோதனைதான், ஆனால் விற்பவரின் பணத்தில் நடந்த பரிசோதனை இல்லை.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தள்ளாடும் தளத்தில் நிற்கும்போது கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் கூடுதலாக வேலை செய்வதைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. இயன்மருத்துவர்கள் தள்ளாடும் பலகையைச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவதும் அதனால்தான். ஆனால் அந்தப் பலகை சிகிச்சை அறையில் இருக்கின்றது. பக்கத்தில் பிடிக்கக் கம்பி இருக்கின்றது, பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கின்றார், சில நிமிடங்களில் பயிற்சி முடிந்துவிடும். அதே தள்ளாட்டத்தை நாள் முழுதும் சந்தைக்கும் கோயிலுக்கும் போட்டுத் திரிவது வேறு காரியம். தவிரவும், ஒரு தசை சற்று அதிகமாகத் துடிப்பதற்கும் அது பலம் பெறுவதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கின்றது. தசை பலம் பெற வேண்டுமானால் அதன் மீதான சுமை படிப்படியாகக் கூட வேண்டும். உடல் ஒரு சப்பாத்துக்குப் பழகிவிட்டால் அந்தச் சிறிய கூடுதல் உழைப்பும் குறைந்துவிடும்.

அமெரிக்காவில் பாவனையாளர் பாதுகாப்புக்கென உள்ள அரச தரவுத்தளத்தில் 2011 இல் மிக அதிக காய முறைப்பாடுகள் பதிவான பொருளாக இந்தச் சப்பாத்து இருந்ததை அந்நாட்டின் பாவனையாளர் சஞ்சிகை ஒன்று எடுத்துக்காட்டியது. பெரும்பாலானவை தசைநார் அழற்சி, கால் நோ, இடுப்பு நோ போன்றவை. எலும்பு முறிவுகளும் அவற்றில் இருந்தன.

இந்தக் கால்கள் நடந்து வந்த தூரம்

ஆரோக்கியமான ஒரு இளம் பெண்ணுக்கு இந்தச் சப்பாத்தால் வரும் நட்டம் பெரும்பாலும் பண நட்டம். எங்களுடைய நிலை வேறு.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து தென்மராட்சி நோக்கி நடந்தவர்களுக்கு நடை என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் மழையில் நகர்ந்தார்கள். முதியவர்களைத் தோளிலும் சைக்கிளிலும் சுமந்தவர்கள் பலர். அதற்கு முன்பு பொருளாதாரத் தடைக் காலம். எரிபொருள் இல்லாத குடாநாடு சைக்கிளிலும் காலிலும் இயங்கியது. அப்போது நடந்தவர்களும் சைக்கிள் மிதித்தவர்களும் இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கின்றார்கள். அவர்களின் முழங்கால்களுக்கு ஒரு வரலாறு உண்டு.

அதன் பிறகு வந்தவை மிதிவெடிகள். குடாநாட்டின் கழுத்துப் பகுதியான முகமாலை, வருடக்கணக்காக முன்னரங்கமாக இருந்ததனால் நாட்டின் மிக நெருக்கமான மிதிவெடி வயல்களில் ஒன்றாக மாறியது. ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம் 2002 இல் இருந்து இலங்கையில் வெடி அகற்றும் வேலையைச் செய்துவருகின்றது. வெடி அகற்றுபவர்களில் பெருமளவானோர் பெண்கள், குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள் பலர். இலங்கை அரசு மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது 2017 டிசம்பரில்தான்.

மிதிவெடிக் காயத்தைப் பற்றி வைத்தியர்களும் காயப்பட்டவர்களும் அறிந்த ஓர் உண்மை இருக்கின்றது. வெடி ஒரு பாதத்தை எடுத்துப்போகும்போது மற்றக் காலையும் சும்மா விடுவதில்லை. சன்னங்களும் மண்ணும் மற்றக் காலுக்குள் புகுகின்றன, நரம்புகள் சிதைகின்றன. ஆகவே ‘நல்ல கால்’ என்று நாங்கள் சொல்வதும் பல வேளைகளில் முழுமையாக நல்ல கால் இல்லை. அந்தக் காலே பிறகு வருடக்கணக்காக உடலின் கூடிய பாரத்தைத் தாங்குகின்றது. அதனால் அந்தப் பக்கத்து முழங்கால் மூட்டு மற்றவர்களுக்கு வருவதை விட முந்தித் தேய்கின்றது.

இவர்களுக்குத்தான் ‘வலி போக்கும்’, ‘நடையைச் சீராக்கும்’ என்ற சொற்கள் அதிகம் காதில் விழும். வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ மகளோ அன்போடு ஒரு சோடி வாங்கி அனுப்புவதும் இவர்களுக்குத்தான்.

தள்ளாட்டம் யாருக்கு ஆபத்து?

முதலாவது, செயற்கைக்கால் அணிந்தவர்களுக்கு. செயற்கைக்காலைப் பொருத்தும்போது அணிபவர் வழமையாகப் போடும் பாதணியின் குதி உயரத்தைக் கணக்கில் எடுத்தே அதன் சாய்வும் நீளமும் சரிசெய்யப்படுகின்றன. குதி உயரம் கூடிய ஒரு சப்பாத்தை மாட்டினால் முழுக் காலும் முன்னுக்குச் சாயும், முழங்கால் மடிந்துவிடப் பார்க்கும். செயற்கைக்காலை வெறுமனே விட்டு நல்ல காலுக்கு மாத்திரம் தடித்த சப்பாத்துப் போட்டால் இரண்டு காலின் நீளமும் வேறுபடும், இடுப்பு வளையும், முதுகு நோகும். பாதணியின் வகையை மாற்ற வேண்டுமானால் காலைப் பொருத்திய நிலையத்தில் காட்டிய பிறகே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, உணர்ச்சி மரத்த பாதங்களுக்கு. சலரோகம் நாட்பட்டால் பாத நரம்புகள் செயலிழக்கும். அப்படிப்பட்டவருக்குத் தன் பாதம் எங்கே ஊன்றுகின்றது என்பதே சரியாகத் தெரியாது. அவருக்குத் தள்ளாடும் அடிப்பாகம் விழுவதற்கான வழி. குமிழ் வைத்த அக்குபிரஷர் செருப்பு இன்னும் மோசம். உணர்ச்சி உள்ளவருக்குக் குமிழ் குத்தினால் கழற்றி வைப்பார். உணர்ச்சி இல்லாதவருக்குக் குத்துவது தெரியாது, தோல் கன்றிப் புண்ணாகி, மணம் வரும்போதுதான் வீட்டார் கவனிப்பார்கள். அங்கிருந்து விரலை எடுப்பதற்கும் காலை எடுப்பதற்கும் அதிக தூரம் இல்லை. போரில் தப்பிய கால் ஒரு செருப்பினால் போகக்கூடாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நண்பகல் வெய்யிலில் சுடுமணலில் வெறுங்காலோடு நடப்பதிலும் இதே ஆபத்து இருக்கின்றது. காலையிலோ மாலையிலோ போவது பாதுகாப்பானது.

மூன்றாவது, முதியவர்களுக்கு, குறிப்பாக எலும்பு தேய்ந்த வயதான பெண்களுக்கு. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கும் ஒரு வீட்டில் அந்த அம்மாவைப் பார்ப்பது யார் என்ற கேள்வி உடனே எழும்.

வளைந்த அடிப்பாகம் எல்லாமே கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. முன்பாதத்தில் புண் உள்ளவர்களுக்கு அந்த இடத்தின் அழுத்தத்தைக் குறைக்க, விறைப்பான வளைந்த அடிப்பாகம் கொண்ட பாதணியை வைத்தியர்கள் எழுதிக் கொடுப்பதுண்டு. அது அந்தக் காலை அளந்து, அந்த நோய்க்கென்று செய்யப்படுவது.

காலைப் பார்த்துச் செய்தவை

விளம்பரத்தில் இருந்து தொடங்கிய பாதணிகளைப் பார்த்தோம். காலைப் பார்த்துத் தொடங்கிய இரண்டு கண்டுபிடிப்புகளும் எங்கள் பிராந்தியத்தில் இருக்கின்றன.

ஒன்று, ஜெய்ப்பூர் கால். 1960 களின் இறுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் வைத்தியசாலையில், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பியல் மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது. அதுவரை கிடைத்த மேற்கத்தேயச் செயற்கைப் பாதங்கள் சப்பாத்துக்குள் வைப்பதற்கென்று செய்யப்பட்டவை. அவற்றோடு குந்தியிருக்க முடியாது, சம்மணமிட முடியாது, வயலுக்குள் இறங்க முடியாது. சப்பாத்துப் போடாத, நிலத்தில் இருந்து சாப்பிடும், வெறுங்காலோடு கோயிலுக்குப் போகும் மனிதருக்கு என்ன கால் வேண்டும் என்ற கேள்வியில் இருந்து றப்பரால் அந்தப் பாதம் பிறந்தது. சேத்திக்கு 1981 இல் மக்சைசாய் விருது கிடைத்தது.

அந்தத் தொழில்நுட்பம் யாழ்ப்பாணத்துக்கு வந்தது போர்க்காலத்தில். 1987 இல் தொடங்கப்பட்ட யாழ். ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம், இடப்பெயர்வுகளையும் தடைகளையும் தாண்டிச் செயற்கைக்கால்களைச் செய்து பொருத்தி வந்திருக்கின்றது. காலைப் பொருத்துவதோடு அங்கே வேலை முடிவதில்லை. வெட்டப்பட்ட காலின் எஞ்சிய தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி, இரு பக்கக் கம்பிகளைப் பிடித்து நடக்கும் பயிற்சி, படி ஏறும் பயிற்சி எல்லாம் தேவை. காலை இழந்து மீண்டும் நடந்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். தசை எப்படி உறுதியாகின்றது என்பதை எந்த விளம்பரத்தை விடவும் தெளிவாக அவர் சொல்வார்.

மற்றது வேலூரில் நடந்தது. பவுல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1946 இல் இருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரிடையே வேலை செய்தார். பாதத்தில் வரும் புண்களுக்கும் விரல் இழப்புக்கும் முக்கிய காரணம் உணர்ச்சி இல்லாமையும் அதனால் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமும் என்பதை அவர் கண்டார். அழுத்தத்தைப் பரவச் செய்யும் மென்மையான நுண்ணறை றப்பர் உள்ளடி கொண்ட செருப்பு அந்த வேலையின் ஊடாக வளர்ந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் இன்று சலரோகப் பாதங்களுக்கும் அதுதான் சிபாரிசு செய்யப்படுகின்றது. அது அழகாக இருக்காது, ‘இறுக்கும்’, ‘மெலிய வைக்கும்’ என்று எதையும் சொல்லாது. காலைக் காப்பாற்றும்.

சட்டம் இருக்கின்றது, கேட்பவர் வேண்டும்

இலங்கையில் இவ்வாறான கூற்றுகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆவது பிரிவு, பாவனையாளரைப் பிழையாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் வர்த்தக நடத்தையைத் தடைசெய்கின்றது. 31 ஆவது பிரிவு, ஒரு பொருளுக்கு இல்லாத தன்மையையோ பயனையோ இருப்பதாகச் சொல்லுவதைத் தடைசெய்கின்றது. முறைப்பாட்டை எழுத்து மூலம், பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் அறிவிக்கலாம்.

ஆனால் அமெரிக்க ஆணைக்குழு எழுப்பிய கேள்வி இங்கே அரிதாகவே கேட்கப்படுகின்றது. விளம்பரத்தை வெளியிடுவதற்கு முன்பே உங்களிடம் ஆதாரம் இருந்ததா என்பதே அந்தக் கேள்வி. அதன்படி, பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவரிடம் இல்லை, உண்மை என்று காட்டும் பொறுப்பு விற்பவரிடம் இருக்கின்றது. எங்களிடமோ, ஒரு செருப்பு நோவைப் போக்கவில்லை என்றால் வாங்கியவர் தன் விதியை நொந்துகொண்டு அதை மூலையில் போடுகின்றார். முகவரி இல்லாத முகநூல் பக்கத்தில் வாங்கியவருக்கு யாருக்கு எதிராக முறைப்பாடு கொடுப்பதென்பதும் தெரியாது. பற்றுச்சீட்டு இல்லாத பொருளுக்குச் சட்டமும் பெரிதாக உதவாது. ஆகவே குறைந்தபட்சம் பற்றுச்சீட்டையும் விளம்பரத்தின் பிரதியையும் கைவிடாமல் வைத்திருப்பது பயனுள்ளது.

இதில் எங்கள் பங்கும் இருக்கின்றது. தமிழ் ஊடகங்களும் இணையத்தளங்களும் உடல்நலப் பொருட்களின் விளம்பரங்களை எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. சில வேளைகளில் விளம்பரமே செய்தியின் உருவில் வருகின்றது. யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. சந்தையில் உள்ள பாதணிகளில் எது சலரோகக் காலுக்கு ஏற்றது, எது ஆகாது என்பதைத் தமிழில், ஒரு பக்கத்தில், படத்தோடு எழுதி ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒட்டினால் அது பல இலட்சம் ரூபா விளம்பரத்தை விடப் பெறுமதியானது.

நடப்பதற்கு உண்மையில் தேவையானவை

‘அந்தச் சப்பாத்தைப் போட்டதனாலாவது அம்மா நடக்கின்றாவே, அது நல்லதுதானே?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சமநிலை நன்றாக உள்ள ஒருவரை ஒரு சப்பாத்து வீட்டுக்கு வெளியே கொண்டுவருமானால், அவருக்கு நன்மை தருவது அந்த நடைதான். அந்த நடை ஐயாயிரம் ரூபாச் சப்பாத்திலும் அதே நன்மையைத் தரும்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடல் இயக்கத்தையும், வாரத்தில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சியையும் சிபாரிசு செய்கின்றது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்கின்றது. இதற்குக் காசு தேவையில்லை. கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி இறக்குவது போன்றவை தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் போதுமான தொடக்கம். கால் இழந்தவர்களும் காயப்பட்டவர்களும் தங்களுக்கு ஏற்ற பயிற்சியை இயன்மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

பாதணி வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் எளிமையானவை. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகல இடம் இருக்க வேண்டும். அடிப்பாகம் அகலமாக, நிலத்தில் தட்டையாக ஊன்ற வேண்டும். குதிப் பட்டி இருந்தால் நல்லது. சலரோகம் உள்ளவர்கள் போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் அல்லது பிள்ளைகளிடம் காட்ட வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றையும் தனி மனிதரின் பொறுப்பாக மட்டும் விட்டுவிட முடியாது. ‘உடலைப் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு, அதற்கு இந்தப் பொருளை வாங்கு’ என்று சந்தை சொல்கின்றது. நடப்பதற்கு இடம் இருக்கின்றதா என்று அது கேட்பதில்லை. பண்ணையில் நடப்பவர்களுக்கு ஒரு கடற்கரை வீதி இருக்கின்றது. மருதங்கேணியிலும் நெடுந்தீவிலும் கீரிமலைப் பக்கத்து மீள்குடியேற்றக் கிராமங்களிலும் இருப்பவர்களுக்கு என்ன இருக்கின்றது? தெருவிளக்கு இல்லாத ஒழுங்கையில், தெருநாய்களுக்கும் வேகமாக வரும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே, இருட்டிய பின் ஒரு பெண் தனியாக நடப்பது இலேசான காரியம் இல்லை. செயற்கைக்காலோடு இருப்பவருக்கு மண் குவிந்த வீதி ஓரமும் சாய்தளம் இல்லாத அரச அலுவலகமும் அன்றாடத் தடைகள். செயற்கைக்கால் ஒருமுறை கிடைத்தால் ஆயுளுக்கும் போதாது. தேய்ந்தால் மாற்ற வேண்டும், எஞ்சிய கால் மெலிந்தால் அல்லது தடித்தால் திரும்பப் பொருத்த வேண்டும், வளரும் பிள்ளைக்கு அடிக்கடி மாற்ற வேண்டும். போர் முடிந்து வருடங்கள் செல்லச் செல்ல வெளிநாட்டு உதவிகள் குறைந்துகொண்டு போகின்றன, இந்தத் தேவை குறையவில்லை.

பிரதேச சபைகளின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கிலோமீற்றர் நடைபாதைக்கும் பத்துத் தெருவிளக்குக்கும் இடம் கேட்பது, செயற்கைக்கால் நிலையங்களுக்கான நிதி மாகாணத்தின் நிரந்தரச் செலவாக வேண்டும் என்று கேட்பது ஆகியவை இந்த மக்களின் கால்களைப் பற்றிய அரசியல் கோரிக்கைகள். அவற்றைத் தேர்தல் கூட்டங்களில் கேட்க வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை அம்மாவுக்கோ அண்ணாவுக்கோ சப்பாத்து வாங்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல் அவர்களின் காலைப் பற்றி விசாரியுங்கள். பாத உணர்ச்சி இருக்கின்றதா, விழுந்திருக்கின்றாரா, செயற்கைக்காலை யார் பொருத்தினார்கள் என்று கேளுங்கள். வளைந்த சப்பாத்துக்குக் கொடுக்க நினைத்த 100 டொலரில் ஒரு நல்ல தட்டையான பாதணியும் வாங்கலாம், இயன்மருத்துவரிடம் சில தடவை போய்வரும் ஓட்டோக் காசும் கொடுக்கலாம்.